முப்பத்தொன்பதாம் நம்பர் கட்டி

"அடிக்காதீங்கண்ணே! கையை நிறுத்துங்க!"

கல்யாணப் பெண் ஓடிவந்தாள். கழுத்தில் மாலை. தூக்கிச் செருகிய கூறைப்புடவை. மண்டபத்தின் பின்வாசலைத் தாண்டி, விறகுக் குவியலின்மேல் ஒரு தாவு தாவி, சமையல் பந்தலுக்குள் வந்து நின்றாள்.

ஓங்கிய மரச் சம்மட்டியோடு ஐஸ் ஃபேக்டரிக் காளை அப்படியே உறைந்தான். அவன் காலடியில் கோணிச்சாக்கு. சாக்குக்குள் ஐஸ்கட்டி.

"என்ன தங்கச்சி? மணையிலேருந்து எந்திரிச்சு வந்துட்ட?"

"இது முப்பத்தொன்பதாம் நம்பர் கட்டியா?"

"ஆமா. நம்ம மாப்ளயோட ஸ்பெஷல் கட்டி. யாருக்கும் குடுக்காத, பத்திரமாக் கொண்டாந்துருன்னு சொன்னான். கல்யாணத்துக்குத்தான்னு புரிஞ்சுக்கிட்டு நேரா இங்க கொண்டாந்துட்டேன். சர்பத்துக்கு."

"எம்புட்டு உடைச்சிருக்கீங்க?"

"பத்துல ஒம்பது பங்கு."

முருகம்மாள் கண்ணை மூடினாள். திறந்தாள்.

"இனிமே ஒரு அடி விழக்கூடாது. என் தாலி இதுக்குள்ள இருக்கு."

காளையின் கையிலிருந்து சம்மட்டி நழுவியது. அவன் கட்டைவிரலுக்கும் அது விழுந்த இடத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது.

விஷயம் இதுதான். ஐந்தே நிமிஷத்துக்கு முன்னால், எண்பத்தொன்றாம் வருஷத்து வைகாசி வெள்ளிக்கிழமைக் காலையில், சமயநல்லூர் கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளையின் அம்மா மலையம்மாள் தாலிப்பெட்டியைத் திறந்தாள். சிவப்பு வெல்வெட் பெட்டி. உள்ளே ஒரு உருண்டைப் பஞ்சு. பஞ்சைப் பிரித்தாள். பஞ்சுக்குள்ளும் பஞ்சுதான்.

கொட்டுமேளம் நின்றது.

முதல் வரிசையிலிருந்து மருது எழுந்தார். பெண்ணுக்குப் பெரியப்பா. அப்பா இல்லாத முருகம்மாளைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். மலையம்மாளுக்கு அண்ணன் என்பதால் மாப்பிள்ளைக்குத் தாய்மாமனும் அவரே. அவர் துண்டை உதறித் தோளில் போட்டால் இரண்டு பக்கத்து ஜனமும் எழுந்துவிடும்.

இந்தச் சம்பந்தம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பெண் நாகமலை புதுக்கோட்டையில் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்தவள். அந்த வம்சத்தில் வயலில் இறங்கி நாற்று நடாத முதல் பெண். மாப்பிள்ளை சின்னக்கருப்பன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஐஸ் ஃபேக்டரியில் மெக்கானிக். சின்ன வயசிலிருந்து ஒருவருக்கொருவர் என்று இருந்த அத்தை மகனும் மாமன் மகளும். அது மருதுவுக்குப் போதவில்லை.

"நான் மதுரையில பாங்கி மாப்பிள்ளை பாத்தேன். யாரு கேட்டீங்க? எம்.எஸ்ஸி-க்கு ஐஸ்கட்டியான்னு ஊரே சிரிச்சுச்சு. இப்பப் பொன்னே வரமாட்டேன்னு ஓடிப்போச்சு. இது சாமி சொல்ற சேதி."

"அண்ணே, ஒரு மஞ்சக்கெழங்கைக் கயித்துல முடிஞ்சு கட்டிருவோம்ணே" என்று மலையம்மாள் கும்பிட்டாள்.

"பொன்னு காணாமப் போன எடத்துல மஞ்சளைக் கட்டுவியா? பத்தரைக்கு ராகுகாலம். அது வரைக்கும் பாப்பேன். தாலி வரலைன்னா எம்புள்ளையைக் கூட்டிக்கிட்டுச் சோழவந்தான் பஸ் ஏறிருவேன்."

மண்டபத்துக் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பது.

அப்போதுதான் மணையில் பக்கத்திலிருந்த சின்னக்கருப்பன் உதடு அசையாமல் சொன்னான்.

"முருகு, தாலி முப்பத்தொன்பதாம் நம்பர் கட்டிக்குள்ள கெடக்கு."

"கட்டின்னா? ஐஸ்கட்டியா? எப்படி மச்சான் போச்சு?"

"அதை மட்டும் இப்பக் கேக்காத. முந்தாநாள் ஐஸ் ஒறைய வைக்கிற கேன்ல விழுந்துருச்சு. காளை வீட்டுக்குக் கொண்டாருவான், கரைச்சு எடுத்துப் பெட்டியில வச்சிருவோம்னு இருந்தேன். இங்க கொண்டாந்துட்டான். மாமாகிட்டச் சொல்லிரட்டா?"

"வாயைத் தொறக்காதீங்க. சொன்னா, தாலியைத் தொலைச்சவனுக்கா பொண்ணுன்னு இப்பவே பஸ் ஏறிருவாரு."

பின்பக்கமிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. தொம். தொம். தொம்.

அவள் எழுந்து ஓடினாள். பின்னால் யாரோ கத்தினார்கள்: "ஏ ஆத்தாடி, பொண்ணு ஓடிருச்சு!"

சமையல் பந்தலில் ஆறு தகர டிரம். எல்லாவற்றிலும் மரத்தூள் ஒட்டிய ஐஸ் துண்டுகள். சாக்கில் ஆட்டுக்கல் பருமனில் உடைபடாத ஒரு பாளம். ஃபேக்டரிக் கட்டிக்கு விளிம்பில்தான் கண்ணாடி, நடுவெல்லாம் பால்வெள்ளை. உள்ளே யானை இருந்தாலும் தெரியாது.

"கரைய விட்டா?" என்றான் காளை.

"நூத்தம்பது கிலோ. சாயங்காலம் ஆகும்."

"வெந்நியை ஊத்துவோம்."

சமையல்காரர் சோணைமுத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். "வெந்நியெல்லாம் உலையில அரிசியோட கெடக்கு. முந்நூறு பேரு சர்பத்து கேட்டு உக்காந்திருக்கான். ஐஸைக் கரைச்சீங்கன்னா உங்க ரெண்டு பேரையும் கரைச்சுருவேன்."

"உங்க ஐஸ் உங்களுக்கே வரும் சோணைமுத்தண்ணே. மரத்தூளைக் கழுவியே தாரேன். அந்தப் பெரிய அண்டால முட்டத் தண்ணி ஊத்துங்க. உங்க ஜல்லிக்கரண்டியைக் குடுங்க."

"என்னத்துக்கு?"

"ஐஸ் மிதக்கும். தங்கம் முங்கும். ஒரு பவுன் பொன்னைச் சின்னத் துண்டு ஐஸால தூக்கிப் பிடிக்க முடியாது. எல்லாத்தையும் தண்ணில போடுவோம். மிதக்குறது சர்பத்துக்கு. முங்குறது எனக்கு."

சோணைமுத்து அசையவில்லை. "இரு தாயி. முப்பது வருசமா ஐஸு மிதக்குறதைப் பாக்குறேன். ஆனா இது கல்லு மாதிரி கெட்டி. தண்ணி கொழகொழன்னு ஓடுது. கெட்டியானது முங்கத்தான செய்யணும்? நெய்யி ஒறைஞ்சா அடியிலதான போயி ஒக்காருது?"

நல்ல கேள்வி. மணி ஒன்பது ஐம்பத்தைந்து. ஆனால் இவர் ஒத்துக்கொள்ளாமல் அண்டா நகராது.

முருகம்மாள் காளையைப் பார்த்தாள். "நீங்க கேன்ல தண்ணி முட்ட நெறப்புவீங்களா?"

"அய்யய்யோ. நாலு வெரல் கொறைச்சுத்தான். முட்ட நெறப்பினா ஒறையும்போது பொங்கி வழிஞ்சிரும்."

"கேட்டீங்களாண்ணே? பதினோரு படி தண்ணி ஒறைஞ்சா பன்னெண்டு படி ஐஸு. எடை கூடலை, எடம்தான் கூடுது. அப்ப அதே அளவு தண்ணியை விட ஐஸு லேசுதான?"

"அது ஏன் பொங்குது?"

பின்வாசலில் பெண்கள் கூட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் கை நீட்டினாள்.

"அந்தா நிக்கிறாங்கள்ல, வாசலை அடைச்சுக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்கிட்டு? அது தண்ணி. அவங்களையே கும்மி கொட்டச் சொல்லுங்க. ஆளுக்கு ஆள் கைவீச்சு எடம் விட்டு வட்டமா நிப்பாங்க. அதே ஆளு, அதே எடை. ஆனா நடுவுல காலி. எடம் பத்தாது. ஒறையும்போது தண்ணியோட பொடித்துகள் எல்லாம் அப்படித்தான் கும்மிக்கு நிக்கிற மாதிரி ஆறாறு பேரா வட்டங்கட்டி நின்னுருது. நெய்யிக்கு இந்தக் கும்மி தெரியாது. அது இன்னும் நெருக்கித்தான் நிக்கும். அதான் முங்குது."

சோணைமுத்து வாசல் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி முழங்கினார்.

"அண்டாவை நெறப்புங்கடா!"

வேலை பறந்தது. காளை டிரம்மைச் சாய்த்தான். ஐஸ் துண்டுகள் சளசளவென்று அண்டாவில் விழுந்து, முங்கி, துள்ளி மேலே வந்தன. முருகம்மாள் குனிந்து அடியைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சோணைமுத்து ஜல்லிக்கரண்டியால் மிதப்பவற்றை அரித்து சர்பத் டிரம்மில் கொட்டினார்.

"எலுமிச்சங்காயை விடப் பெருசா ஏதும் இருக்காதுல்லண்ணே?"

"இருக்காது தங்கச்சி. டம்ளர்ல விழணும்ல?"

இரண்டாவது டிரம். ஒன்றுமில்லை. மூன்றாவது. வாசலில் நின்ற பெண்கள் இப்போது அண்டாவைச் சுற்றி நின்றார்கள். மலையம்மாளும் வந்துவிட்டாள். யாருக்கும் முழு விவரம் தெரியாது. ஆனால் எல்லோர் கண்ணும் அண்டாவின் அடியில்.

"முங்கிருச்சு! முங்கிருச்சு!"

நாலாவது டிரம்மில் ஒரு துண்டு நேராக அடிக்குப் போனது. முருகம்மாள் தோள்வரை கையை விட்டாள். வளையல்கள் கலகலத்தன. எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். ஐஸ் கரைந்தது.

துருப்பிடித்த நட்டு.

"அடப்பாவி, இது நம்ம கிரேன் நட்டு" என்றான் காளை. "ரெண்டு நாளாத் தேடுறோம்!"

ஒருத்தி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மலையம்மாள் கூட. "அதையே கயித்துல கோத்துக் கட்டிருவோமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முருகம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கண் கடிகாரம் இருந்த திசையில் போய் வந்தது.

ஐந்தாவது டிரம். ஆறாவது. எல்லாம் மிதந்தது.

"மணி பத்தே கால்!" மண்டபத்துக்குள்ளிருந்து மருதுவின் குரல். "என்னப்பா, பொண்ணு சமையல் பண்ணுதா?"

மிச்சம் இருந்தது சாக்கிலிருந்த பாளம் மட்டும். கட்டியின் அடிப்பகுதி. தண்ணீராக இருக்கும்போதே விழுந்தது அடிக்குத்தானே போயிருக்கும்! முருகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

காளை சம்மட்டியை எடுத்தான்.

"வேணாம். தாலி மேல பட்டா நசுங்கிரும். நசுங்கின தாலியைப் பெரியப்பா கட்ட விடுவாரா?"

"அப்ப என்ன செய்ய? தண்ணில போட்டா, இம்புட்டுப் பெரிய பாளம் பத்துத் தாலியைக்கூடச் சேத்து மிதக்கும்ல?"

அவன் சொன்னது சரி. பதினைந்து கிலோ பாளத்துக்கு ஒரு பவுன் பொன் ஒரு பாரமே இல்லை. பாளம் சின்னதாக வேண்டும். பன்னிரண்டு நிமிஷத்தில் சின்னதாக வேண்டும்.

அப்போது அடுப்புப் பக்கத்தில் ஆவி எழுந்தது. இரண்டு ஆட்கள் சோற்றுப் பானையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சோணைமுத்தண்ணே! அந்த வடிகஞ்சி!"

"என்னது?"

"கீழ விடாதீங்க! இங்க கொண்டாங்க! எம்புட்டு இருக்கோ அம்புட்டும்!"

அண்டாத் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். பாளத்தை உள்ளே இறக்கினார்கள். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி அதன் தலையில் விழுந்தது. படார்! பாளத்தில் விரிசல் ஓடியது. பெண்கள் வீலென்று பின்வாங்கி, உடனே முன்னால் வந்தார்கள். இன்னொரு பானை. படார், படார்! பாளம் மூன்றாகப் பிளந்தது. மூன்று ஐந்தானது. ஐந்தும் நாற்காலி விளையாட்டுப் பிள்ளைகள் மாதிரி அண்டாவைச் சுற்றி வந்தன.

இப்போது புதுச் சிக்கல். கஞ்சி வெள்ளை. ஐஸ் வெள்ளை. அடி தெரியவில்லை.

"மேல மட்டும் பாருங்க" என்றாள் முருகம்மாள். "எது காணாமப் போகுதுன்னு பாருங்க."

"பத்து இருவது!" உள்ளேயிருந்து குரல்.

துண்டுகள் இளைத்தன. தேங்காய், மாங்காய், கொய்யாக்காய். நாலு துண்டுகள் தலையை நன்றாகத் தூக்கிக்கொண்டு மிதந்தன. ஐந்தாவது மட்டும் மூக்கு வரை முங்கியிருந்தது.

"அது ஏன் அப்படி அழுந்திக் கெடக்கு?" என்று கேட்டாள் மலையம்மாள்.

முருகம்மாள் அண்டாமேல் குனிந்தாள். பன்னிரண்டில் ஒரு பங்கு வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை.

அந்தத் துண்டு ஒருமுறை மெதுவாகப் புரண்டது. ஒரு குமிழி வந்தது.

முங்கியது.

அவள் கை அதற்கு முன்னாலேயே கஞ்சிக்குள் இருந்தது. சூடும் குளிரும் மாறி மாறி அடித்தன. விரல்கள் தடவின, பிடித்தன. வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் எலுமிச்சங்காய் அளவு ஐஸ். அதன் நடுவில் மங்கலாக ஒரு மஞ்சள். ஓரத்தில் ஒரு முழ நீளக் கறுப்பு நூல் தொங்கியது. தையல் நூல்.

தாலியில் எதற்குத் தையல் நூல்?

யோசிக்க நேரமில்லை. கையை இறுக்கி மூடிக்கொண்டு ஓடினாள். பின்னால் காளை, மலையம்மாள், கரண்டியோடு சோணைமுத்து, அண்டாவைச் சுற்றி நின்ற அத்தனை பெண்களும்.

மணையில் உட்கார்ந்து கையைத் திறந்தாள். முழங்கை வரை கஞ்சி சொட்டியது. நடுவில், கரைந்துபோன ஐஸின் கடைசித் துளிகளுக்குள், தாலி. ஒரு கீறல்கூட இல்லை.

நூலை அறுத்துவிட்டு மலையம்மாள் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்தாள். அவள் குரலில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "கஞ்சிக்குள்ள கெடச்ச தாலி அண்ணே! இந்த வீட்டுல அடுப்பு அணையாதுன்னு சாமியே சொல்லிருச்சு!"

மருது வாயைத் திறந்தார். சாமி பேரைச் சொல்லி ஆரம்பித்தவர் அவர்தான். மூடிக்கொண்டார்.

"கெட்டிமேளம்!" என்று கத்தியவர் சோணைமுத்து. கரண்டியை வேறு ஆட்டினார்.

பத்து இருபத்தேழு. சின்னக்கருப்பன் மூன்று முடிச்சுப் போட்டான். தாலி கழுத்தில் பட்டதும் மணப்பெண் துள்ளினாள்.

"ஸ்ஸ்... அய்யோ! ஜில்லுன்னு இருக்கு!"

மண்டபமே சிரித்தது. அட்சதை அவள் கஞ்சிக் கையில் ஒட்டிக்கொண்டது.

மருது விடவில்லை. கூட்டம் அடங்கியதும் கிட்டே வந்தார். "எல்லாம் சரி. தாலி ஐஸுக்குள்ள எப்படிப் போச்சு? எனக்குத் தெரிஞ்சாகணும்."

முருகம்மாள் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தாள்.

"குளிர வச்சோம் பெரியப்பா. பொன்னு நெருப்புல பொறந்ததுல்ல? அதைக் குளிரக் குளிர வச்சுக் கட்டுனாத்தான் புருசன் பொண்டாட்டி சண்டை வராதுன்னு சொல்லுவாங்களே, அந்த முறை. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

சுற்றிலும் இருபது பேர் மருதுவைப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் பெரிய மனுஷர். அவருக்குத் தெரியாத முறை ஒன்று உண்டு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"தெரியாமையா!" மருது துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க பூட்டன் காலத்துல மண்பானைத் தண்ணில வைப்பாங்க. இப்ப ஐஸு வந்திருச்சு, ஐஸுல வைக்கிறீங்க. அம்புட்டுத்தான! முன்னாடியே சொல்றதுக்கு என்னவாம்?"

சோணைமுத்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அடுத்த முகூர்த்தத்துக்கே ஃபேக்டரியில் இரண்டு குடும்பம் வந்து தாலியைக் குளிர வைக்கக் கேட்டது தனிக்கதை.

பந்தியில் புது ஜோடிக்கு ஒரே இலை. முதலில் சர்பத் வந்தது. டம்ளருக்குள் ஒரு துண்டு ஐஸ். முருகம்மாள் அதை விரலால் அமுக்கினாள். விட்டாள். குதித்து மேலே வந்தது.

"மச்சான். இப்பக் கேக்கலாமா?"

சின்னக்கருப்பன் இலையைப் பார்த்தான். "கேளு."

"தாலியில எதுக்குத் தையல் நூல்?"

அவன் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொல்லி ஒன் காலேஜு நோட்டெல்லாம் எங்கம்மாகிட்டக் குடுத்தியே, ஞாபகம் இருக்கா? நான் போடலை. ரெண்டு வருசமா ஃபேக்டரியில வச்சுப் படிக்கிறேன். பாதி புரியலை. ஒண்ணு நல்லாப் புரிஞ்சுச்சு. காத்துல ஒரு எடை, தண்ணில ஒரு எடை, கழிச்சு வகுத்தா அது என்ன வஸ்துன்னு சொல்லிரலாம்னு எழுதியிருந்த."

அவள் கை டம்ளரிலேயே நின்றது.

"ஊரெல்லாம் ஒன்னை எம்.எஸ்ஸிங்குது, என்னை ஐஸ்கட்டிங்குது. ஒன் கணக்குல ஒண்ணையாவது என் கையால போட்டுட்டுத்தான் தாலி கட்டணும்னு ஒரு வீம்பு. தாலி வாங்கும்போதே பத்தர்கிட்டத் தராசை இரவல் வாங்கினேன். கேன்ல தண்ணி இருந்துச்சு. தாலியை நூல்ல கட்டித் தொங்கவிட்டு எடை பாத்தேன். குறிச்சேன். நிமிந்தா எதுக்க மொதலாளி நிக்கிறாரு. பதறுனதுல நூல் நழுவிருச்சு. கையை விடுறதுக்குள்ள கிரேன் கேன் வரிசையை ஒறைய வைக்கிற தொட்டிக்குள்ள எறக்கிருச்சு."

"குறிச்சீங்களா?"

"ம்."

"விடை என்ன வந்துச்சு?"

அவன் பட்டுச்சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தான். கொடுக்கத் தயங்கினான்.

"தப்புத்தான் வந்துச்சு. தங்கம்னா பத்தொன்பதுக்கு மேல வரணும்னு நோட்டுல இருக்கு. எனக்குப் பதினேழே முக்கால்தான் வந்துச்சு. அதான் ஒன்கிட்டச் சொல்லக் கூச்சமா..."

அவள் தாளைப் பிடுங்கிப் பிரித்தாள். குண்டு குண்டான எழுத்தில் நாலு வரிக் கணக்கு. மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"பத்தொன்பது சொக்கத்தங்கத்துக்கு மச்சான்" என்றாள். "தாலி இருபத்திரண்டு காரட். செம்பு கலந்தது. அதுக்குப் பதினேழே முக்கால்தான் வரணும்."

நெற்றிக் குங்குமத்தை விரலால் தொட்டு, அந்தத் தாளின் ஓரத்தில், வாத்தியார் போடுகிற மாதிரி பெரிதாக ஒரு சரிக்குறி போட்டாள்.